ஓட்டையை அடைத்த பிறகு

அறுவைச் சிகிச்சை முடிந்து ஐ.சி.யு.வுக்கு வரும் குழந்தையின் மார்பில், பிளாஸ்திரிக்குக் கொஞ்சம் கீழே, தையல் நூலைவிடச் சற்றே தடித்த இரண்டு மூன்று கம்பிகள் தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் உள்முனை இதயத் தசையில் பதிந்திருக்கும். வெளிமுனையைக் கையடக்கமான ஒரு பெட்டியில் செருகியிருப்பார்கள். இப்போதைக்குத் தேவையில்லை என்றால், சுருட்டி வயிற்றின் மேல் ஒட்டிவைத்திருப்பார்கள். பெட்டியில் ஒரு சிறு விளக்கு விட்டு விட்டு மினுங்கும். நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு வேண்டும் என்று திருகிவைக்க ஒரு குமிழ் உண்டு. தற்காலிக பேஸ்மேக்கர் என்பது இதுதான்.

அறுவைச் சிகிச்சை நிபுணர் வெளியே வந்ததும் பெற்றோர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி. டெல்லி எய்ம்ஸ் வாசலில் பீகாரிலிருந்து வந்தவர் 'சேத் பந்த் ஹோ கயா?' என்பார். ஆர்.கே.புரத்துத் தமிழர் "ஓட்டை அடைஞ்சிடுச்சா டாக்டர்?" என்பார். நியாயமான கேள்விதான். ஆனால் குறையோடு பிறந்த இதயத்துக்கு ஓட்டை, வால்வு, ரத்தக்குழாய் ஆகியவை ஒரு பாதி. துடிப்பின் ஒழுங்கு இன்னொரு பாதி. முதல் பாதியைப் பல குழந்தைகளுக்கு ஒரே நாளில் சரிசெய்துவிட முடிகிறது. இரண்டாவது பாதியை ஆயுள் முழுக்கக் கவனித்துவர வேண்டும். இந்தச் செய்தி நம் வீடுகளுக்கு இன்னும் சரியாகப் போய்ச்சேரவில்லை.

பிறவி இதயக் குறை அப்படியொன்றும் அபூர்வமானது அல்ல. எய்ம்ஸின் இதயநோய் நிபுணர் அனிதா சக்சேனாவின் குழு, வட இந்தியாவில் 20,307 பச்சிளம் குழந்தைகளைப் பரிசோதித்து 2016இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அதில் 164 குழந்தைகளுக்கு இதயத்தில் குறிப்பிடத்தக்க குறை இருந்தது. ஆயிரத்துக்கு எட்டு. உலகெங்கும் கிடைக்கும் கணக்கும் ஏறக்குறைய இதுதான். இந்தியாவில் ஆண்டுதோறும் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கையோடு பெருக்கிப் பார்த்தால் சுமார் இரண்டு லட்சம் வருகிறது. இவற்றில் சிறு ஓட்டைகள் பல தாமாகவே மூடிக்கொள்ளும். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு முதல் பிறந்தநாளுக்குள்ளேயே சிகிச்சை தேவைப்படும்.

இதயம் தானாகத் துடிப்பது எப்படி என்று தெரிந்தால்தான் அது தடுமாறுவது ஏன் என்பதும் புரியும். வலது மேலறையின் உச்சியில் சைனஸ் முடிச்சு என்று ஒரு சிறு திசு இருக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் மின் அலை அங்கேதான் பிறக்கிறது. அது மேலறைகளில் பரவி, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள ஏ.வி. முடிச்சில் கண நேரம் நின்று, ஹிஸ் கற்றை என்ற மெல்லிய பாதை வழியாகக் கீழறைகளுக்கு இறங்குகிறது. ஹிஸ் கற்றையை 1893இல் வில்ஹெல்ம் ஹிஸ் கண்டறிந்தார். ஏ.வி. முடிச்சை 1906இல் ஜெர்மனியில் பணிபுரிந்த ஜப்பானியர் சுனாவோ தவாரா விவரித்தார். மறு ஆண்டு ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் என்ற இருவர் சைனஸ் முடிச்சைப் பற்றி எழுதினார்கள். மூன்றுமே நுண்ணோக்கி வழியே கிடைத்தவை. அறுவை மேசையில் திறந்துகிடக்கும் இதயத்தில் இந்தப் பாதை வெறும் கண்ணுக்குத் தெரியாது.

சிக்கலே இங்குதான். கீழறைகளுக்கு நடுவே உள்ள ஓட்டைகளில் அதிகம் காணப்படும் வகையில், ஹிஸ் கற்றை ஓட்டையின் விளிம்பை ஒட்டியே ஓடுகிறது. சுவருக்குள் கரண்ட் ஒயர் எங்கே போகிறது என்று தெரியாமல் ஆணி அடித்தால் என்ன ஆகும்? ஓட்டையை மூடப் போடும் தையல் ஒன்று இரண்டு மில்லிமீட்டர் விலகினாலும் கற்றை நசுங்கிவிடலாம். மேலறையில் பிறக்கும் அலை கீழறைக்கு இறங்காது. மேலறை தன் வேகத்தில் துடித்துக்கொண்டிருக்கும். கீழறை துடித்தாலும் மிக மெதுவாகத்தான் துடிக்கும். இதை ஹார்ட் பிளாக் என்கிறார்கள்.

1950களில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், மின்னசோட்டா பல்கலைக்கழக மருத்துவமனையில் வால்டன் லில்லிஹை குழந்தைகளின் இதயத்தைத் திறந்து ஓட்டைகளை அடைக்கத் தொடங்கியபோது இந்த ஹார்ட் பிளாக்தான் அவருடைய பெரிய எதிரி. ஓட்டை கச்சிதமாக அடைபட்டிருக்கும், குழந்தை பிழைக்காது. மருந்துகளை முயன்றார்கள், போதவில்லை. 1957 ஜனவரியில் அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஹார்ட் பிளாக் வந்த மூன்று வயதுச் சிறுமியின் இதயத் தசையில் ஒரு கம்பியைப் பதித்து, அதை மின்தூண்டிக் கருவியோடு இணைத்தார் லில்லிஹை. இதயம் கருவியின் தாளத்துக்குத் துடித்தது. இன்றைக்கு ஐ.சி.யு.வில் குழந்தையின் மார்பிலிருந்து நீளும் கம்பிகளின் மூதாதை அந்த ஒற்றைக் கம்பி.

அந்தக் கருவி சுவரில் உள்ள பிளக்கில்தான் ஓடியது. குழந்தையை வராந்தாவுக்குக் கொண்டுபோவதென்றாலும் ஒயரின் நீளம் பார்த்துத்தான் போக முடியும். அதே ஆண்டு அக்டோபர் 31ஆம் தேதி மினியாபொலிஸில் சில மணி நேரம் மின்சாரம் போனது. பேட்டரியில் ஓடுகிற ஒன்று வேண்டும் என்று, மருத்துவமனையின் கருவிகளைப் பழுதுபார்த்துவந்த ஏர்ல் பாக்கென் என்ற பொறியாளரிடம் லில்லிஹை கேட்டார். அப்போது பாக்கெனின் மெட்ரானிக் நிறுவனம் ஒரு கார் ஷெட்டில் இயங்கிய சிறு தொழில். இசை பழகுவோர் தாளம் பிடிக்க வைத்துக்கொள்ளும் மெட்ரோனோம் கருவிக்கான டிரான்சிஸ்டர் சுற்று ஒரு மின்னணுப் பத்திரிகையில் வந்திருந்தது. அதைத் தழுவி நான்கே வாரங்களில் கழுத்தில் மாட்டிக்கொள்ளும்படியான பெட்டி ஒன்றைச் செய்துகொடுத்தார் அவர். பேஸ்மேக்கர் என்றதும் நமக்கு எழுபது வயதுத் தாத்தாதான் நினைவுக்கு வருகிறார். ஆனால் பேட்டரியில் ஓடி, உடம்போடு போட்டுக்கொள்ளும் பேஸ்மேக்கர் முதன்முதலில் பிறந்தது இதய ஓட்டையோடு பிறந்த குழந்தைகளுக்காக.

இன்னொரு வேலையும் கூடவே நடந்தது. மாரிஸ் லெவ் என்ற சிகாகோ நோய்க்கூறியல் நிபுணர், குறையுள்ள இதயங்களை மெல்லிய சீவல்களாக வெட்டி, எந்த வகைக் குறையில் ஹிஸ் கற்றை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று வரைந்துவைத்தார். இன்றைய நிபுணர்கள் தையலை எங்கே போடக் கூடாது என்பதைக் கற்றுக்கொள்வது இப்படிப்பட்ட வரைபடங்களிலிருந்துதான்.

லில்லிஹையிடம் பயிற்சி பெற்றுத் திரும்பியவர்களில் நாகரூர் கோபிநாத்தும் ஒருவர். வேலூர் சி.எம்.சி.யில் 1960களின் தொடக்கத்தில், இந்தியாவின் முதல் திறந்த இதய அறுவைச் சிகிச்சைகளில் ஒன்றை வெற்றிகரமாகச் செய்தவர் அவர். பின்னர் டெல்லி எய்ம்ஸுக்குச் சென்று அங்கே இதய அறுவைச் சிகிச்சைப் பிரிவை வளர்த்தார். மருந்து மருத்துவத்தின் பக்கம் எஸ்.பத்மாவதி இருந்தார். பர்மாவில் பிறந்த தமிழர். 1942இல் போருக்கு அஞ்சிக் கோவை வந்து சேர்ந்த குடும்பம். பிறவி இதயக் குறை மருத்துவத்தின் தாய் எனப்படும் ஹெலன் டாசிக்கிடம் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பயின்று, 1953இல் டெல்லி லேடி ஹார்டிங் கல்லூரியில் சேர்ந்து, அங்கே இதயநோய்ப் பிரிவைத் தொடங்கினார். 103 வயதுவரை வாழ்ந்து 2020இல் மறைந்தார். டெல்லியில் குழந்தைகளின் இதயத்தைப் பற்றி எழுதும்போது இந்த இரண்டு பேரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

இன்றைக்கு அறுவைச் சிகிச்சைக்குப் பின் நிலையான ஹார்ட் பிளாக் வருவது நூற்றில் ஒன்று முதல் மூன்று குழந்தைகளுக்குத்தான். தொடக்கத்தில் பிளாக் வந்த பலருக்கு வீக்கம் வடிந்ததும் பாதை தானாகத் திறந்துவிடுகிறது. ஆகவே மருத்துவர்கள் ஏழு முதல் பத்து நாள் வரை பொறுத்துப் பார்ப்பார்கள். அதுவரை வெளியே இருக்கும் பெட்டி இதயத்தை நடத்தும். அதற்குப் பிறகும் பாதை திறக்கவில்லை என்றால் நிரந்தர பேஸ்மேக்கர்.

அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய முதல் இரண்டு மூன்று இரவுகளில் நேர்மாறான ஆபத்தும் உண்டு. ஏ.வி. முடிச்சுக்கு அருகில் இழுபட்ட, காயம்பட்ட திசு தானே வெறிகொண்டு மின் அலையை அனுப்பத் தொடங்கும். இதயம் நிமிடத்துக்கு இருநூறைத் தொடும். மேலறையும் கீழறையும் ஒத்துழைக்காததால் ரத்த அழுத்தம் சரியும். ஜெட் என்று மருத்துவர்கள் சுருக்கமாகச் சொல்லும் இந்த வேகத் துடிப்பு, பெரும்பாலும் கைக்குழந்தைகளைத்தான் தாக்கும். மின் அதிர்ச்சி கொடுத்தால் நிற்காது. காய்ச்சலை அண்டவிடாமல் குழந்தையின் உடலைக் குளிர்விப்பார்கள். இதயத்தைத் தூண்டும் மருந்துகளைக் குறைப்பார்கள். மெக்னீசியம், அமியோடரோன் கொடுப்பார்கள். கம்பி வழியே மேலறையைச் சற்று வேகமாகத் துடிக்கவைத்து ஒத்திசைவை மீட்பார்கள். கண்ணாடி வழியே பார்க்கும் தாய்க்குக் குழந்தையின் மேல் குளிர்ந்த போர்வை கிடப்பது பகீரென்று இருக்கும். அந்தப் போர்வையே மருந்து என்பதை யாராவது ஒருவர் அவளுக்குச் சொல்லிவிட்டால் எவ்வளவோ நல்லது.

இதுவரை சொன்னவை மருத்துவமனைக்குள் நடப்பவை. கவனிக்க ஆள் இருக்கிறது. மருத்துவமனையைவிட்டு வெளியே வந்த பிறகு, பத்து இருபது ஆண்டுகள் கழித்து வருபவைதான் ஏமாற்றுபவை.

ரத்தக்குழாய்கள் இடம் மாறிப் பிறக்கும் குழந்தைகளுக்கு 1950களின் இறுதியில் ஓர் அறுவைச் சிகிச்சை வந்தது. மேலறைகளுக்குள்ளேயே ரத்தத்தின் பாதையைத் திருப்பிவிடும் முறை அது. உருவாக்கியவர் ஸ்வீடனின் ஓக்கே சென்னிங். அடுத்து வந்த ஆண்டுகளில் ஏராளமான குழந்தைகள் அதனால் உயிர்பிழைத்தார்கள். ஆனால் மேலறை முழுக்க வெட்டும் தையலும். அவர்கள் வளர வளர, சிலருக்கு சைனஸ் முடிச்சு சோர்ந்துபோனது. சிலருக்குத் தழும்பைச் சுற்றி மின் அலை வட்டமடித்து மேலறை படபடத்தது. பலருக்கு பேஸ்மேக்கர் வைக்கவேண்டியதாயிற்று. உடலுக்குள் முழுதாகப் பொருத்தும் பேஸ்மேக்கரை 1958 அக்டோபரில் உலகிலேயே முதன்முதலாக ஒரு நோயாளிக்கு வைத்தவரும் இதே சென்னிங்தான். அந்த நோயாளி ஆர்னே லார்சன். முதல் கருவி சில மணி நேரத்திலேயே நின்றுபோனது. அதன் பின் இருபதுக்கும் மேற்பட்ட பேஸ்மேக்கர்கள் மாற்றி, 2001வரை, தன் மருத்துவரையும் தாண்டி வாழ்ந்தார் அவர்.

ரத்தக்குழாய்களையே வெட்டி மாற்றித் தைக்கும் இன்றைய முறையில் இந்தத் துடிப்புக் கோளாறு வெகுவாகக் குறைந்துவிட்டது. கற்க வேண்டிய பாடம் வேறு இடத்தில் இருக்கிறது: வெட்டிய இடத்தில் தழும்பு வரும், தழும்பு மின்சாரத்தைக் கடத்தாது, அதைச் சுற்றி அலை சுழலும் வாய்ப்பு எப்போதும் உண்டு. ஒற்றைக் கீழறையோடு பிறந்த குழந்தைகளுக்குச் செய்யும் ஃபான்டான் அறுவைச் சிகிச்சையிலும் இதேதான்.

இந்தியக் குடும்பங்களுக்கு அதிகம் பரிச்சயமானது ஃபாலோ நான்குகுறை. குழந்தை நீலம் பாரிக்கும். ஓடி விளையாடும்போது மூச்சிரைத்துக் குத்தவைத்து உட்காரும். அறுவைச் சிகிச்சையில் ஓட்டையை அடைத்து, நுரையீரலுக்குப் போகும் குறுகிய வழியை அகலப்படுத்துவார்கள். நீலம் போய்விடும். அந்த முகத்தைப் பார்க்கும் பெற்றோரின் மகிழ்ச்சிக்கு ஈடே இல்லை. ஆனால் அகலப்படுத்திய வழியில் வால்வு கசியும். ஆண்டுக்கணக்கில் வலது கீழறை மெல்ல மெல்ல வீங்கும். வீங்கிய தசை, பழைய தழும்பு இரண்டும் சேர்ந்தால் கீழறையில் ஆபத்தான வேகத் துடிப்பு உண்டாகலாம். இவர்களிடையே நேரும் திடீர் மரணங்களுக்கு இதுவே முக்கியக் காரணம். பத்தாண்டுக்கு நூற்றில் இரண்டு மூன்று பேர் என்ற அளவில் திடீர் மரணம் நேர்வதாக வெளிநாட்டு ஆய்வுகள் காட்டின. அறுவைச் சிகிச்சை எவ்வளவு தாமதமாகிறதோ அவ்வளவு ஆபத்து கூடும். நம் நாட்டில் ஏழு வயதிலும் பதினைந்து வயதிலும் முதல்முறையாக வரும் பிள்ளைகள் உண்டு என்பதால் இது நமக்குக் கூடுதல் கவலை.

முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது, செலவும் அதிகமில்லை. இ.சி.ஜி.யில் கீழறை சுருங்குவதைக் காட்டும் கோட்டுக்கு க்யூ.ஆர்.எஸ். என்று பெயர். ஃபாலோ அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களில் அதன் அகலம் 180 மில்லி செகண்டைத் தொடும்போது ஆபத்து கூடுகிறது என்று 1995இல் லண்டனில் மைக்கேல் கட்சூலிஸ் குழு காட்டியது. அந்த எண் ஒன்றை வைத்து எந்த மருத்துவரும் முடிவெடுப்பதில்லை, எக்கோ, எம்.ஆர்.ஐ., 24 மணி நேர ஹோல்டர் பதிவு எல்லாம் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். உரிய நேரத்தில் வால்வை மாற்றலாம். அலை சுழலும் இடத்தைக் கணினி வரைபடத்தின் உதவியோடு தேடி, ரத்தக்குழாய் வழியே செலுத்தும் கதீட்டர் முனையால் சுட்டு அணைக்கலாம். மிக ஆபத்தானவர்களுக்கு, தேவைப்படும்போது தானே மின் அதிர்ச்சி தரும் ஐ.சி.டி. பொருத்தலாம்.

இவை எல்லாவற்றுக்கும் முதல் நிபந்தனை, அந்தப் பிள்ளை திரும்ப மருத்துவமனைக்கு வர வேண்டும். எய்ம்ஸின் இதய, நரம்பியல் கட்டடத்துக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ரயிலேறி வருகிறவர்கள், தர்மசாலையில் இடம் கிடைக்காமல் நடைபாதையில் துணி விரித்து நாள்கணக்கில் காத்திருப்பதை எய்ம்ஸ் இருக்கும் அன்சாரி நகர்ப் பக்கம் போன எவரும் பார்த்திருக்கலாம். அத்தனை பாடுபட்டு அறுவைச் சிகிச்சை முடித்து ஊர் திரும்பிய குடும்பத்திடம், நன்றாக ஓடியாடும் பிள்ளையை ஆண்டுதோறும் கூட்டிவா என்றால், நாள்கூலியை விட்டு எப்படி வருவார்கள்? 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் திட்டத்தில் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் மருத்துவக் குழுக்கள் போய் இதயக் குறையைக் கண்டுபிடிக்கின்றன, சிகிச்சைக்கும் வழிசெய்கின்றன. சிகிச்சை முடிந்த பிள்ளைக்கு மாவட்ட மருத்துவமனையிலேயே ஆண்டுக்கொரு இ.சி.ஜி. எடுத்து, அந்தப் படத்தை டெல்லிக்கு அனுப்பும் பழக்கம் எல்லா மாவட்டத்திலும் வரவேண்டும். போனில் ஒரு படம் அனுப்பும் வேலைதான்.

வீட்டில் இருப்பவர்கள் எதைக் கவனிப்பது? கைக்குழந்தை 'நெஞ்சு படபடக்குது' என்று சொல்லாது. பால் குடிக்காமல் சிணுங்கும், வெளிறும், நெற்றி வியர்க்கும், மூச்சு வேகமாகும். தூங்கும்போதே நிமிடத்துக்கு 220க்கு மேல் துடித்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். பெரிய பிள்ளைகள் படபடப்பைச் சொல்வார்கள். ஆனால் விளையாட்டுப் பீரியடை இழக்க நேரும் என்று சிலர் மறைப்பதும் உண்டு. ஓடும்போதோ விளையாடும்போதோ மயங்கி விழுந்தால், 'வெயில்ல நின்னான், காலையில சாப்பிடல' என்று சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது. டெல்லி மே மாத வெயிலில் அப்படிச் சொல்வது சுலபம். இதய அறுவைச் சிகிச்சை செய்த பிள்ளைக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. படபடப்பை நிறுத்தக் கண்களை அழுத்தும் பழைய வழக்கமும் வேண்டாம்; பார்வைக்கே ஆபத்து.

அதற்காகப் பிள்ளையைக் கூண்டில் அடைக்க வேண்டியதில்லை. ஃபாலோ குறையோடு பிறந்து கைக்குழந்தையாக அறுவைச் சிகிச்சைகள் செய்துகொண்ட அமெரிக்கர் ஷான் வைட், பனிச்சறுக்கில் 2006, 2010, 2018 என மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்றார். யாருக்கு எவ்வளவு ஓட்டம் ஏற்றது என்பதைப் பரிசோதனை செய்து மருத்துவர் சொல்வார். பி.டி. ஆசிரியருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

பேஸ்மேக்கர் வைத்த குழந்தையின் அன்றாடமும் அப்படித்தான். சிறு குழந்தைக்கு ரத்தக்குழாய் மெல்லியது என்பதால் கம்பியை இதயத்தின் வெளிப்புறத்தில் தைத்து, கருவியை வயிற்றுத் தசைக்கு அடியில் வைப்பார்கள். கட்டிப்பிடிக்கும்போது கைக்குத் தட்டுப்படும். பேட்டரி ஐந்து முதல் பத்து ஆண்டு வரை வரும்; பிறகு கருவியை மாற்ற வேண்டும். வளரும் உடம்பு கம்பியை இழுக்கும் என்பதால் கம்பியும் பழுதாகலாம். மொபைல் போன் பேஸ்மேக்கரிலிருந்து 15 செ.மீ. தள்ளி இருந்தால் போதும். டெல்லி மெட்ரோவில் ஏறும்போதெல்லாம் உலோகச் சோதனை உண்டு: வாசல்போல நிற்கும் சட்டத்தை நிற்காமல் கடந்துவிடலாம், ஆனால் காவலரின் சோதனைக் கைக்கருவியை பேஸ்மேக்கர் இருக்கும் இடத்தில் நெடுநேரம் பிடிக்கக் கூடாது. பேஸ்மேக்கர் அட்டையைக் காட்டினால் காவலர் கையால் சோதித்து அனுப்பிவிடுவார். அட்டையில் கருவியின் மாடல், பொருத்திய தேதி எல்லாம் இருக்கும். அது பள்ளிப் பையிலேயே இருக்கட்டும்.

பெற்றோர் வைத்திருக்கும் மருத்துவக் கோப்பு பற்றியும் சொல்ல வேண்டும். பதினெட்டு வயதில் பிள்ளை, குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாறும். வேலைக்கு வேறு ஊர் போகும். பெண்ணாக இருந்தால் கர்ப்பகாலத்தில் பழைய விவரம் முழுக்கத் தேவைப்படும். டிஸ்சார்ஜ் சம்மரியை எல்லோரும் பத்திரமாக வைப்பார்கள். அறுவைச் சிகிச்சைக் குறிப்பின் நகலையும் கேட்டு வாங்க வேண்டும். எங்கே வெட்டினார்கள், எந்த ஒட்டு வைத்தார்கள் என்பது அதில்தான் இருக்கும். ஒவ்வோர் ஆண்டின் இ.சி.ஜி.யும் வேண்டும். இ.சி.ஜி. வெப்பத்தாளில் அச்சாவதால் சில ஆண்டுகளில் கோடுகள் மங்கி வெறும் தாளாகிவிடும். எடுத்த அன்றே ஜெராக்ஸ் போட்டோ, போனில் படம் பிடித்தோ வைத்துவிட வேண்டும். ஐந்து ஆண்டுக்கு முன் 140 ஆக இருந்த க்யூ.ஆர்.எஸ். இன்று 165 ஆகியிருக்கிறது என்பதைப் புதிதாகப் பார்க்கும் மருத்துவர் அந்தப் பழைய தாளைக் கொண்டுதான் கண்டுகொள்வார்.